ஒரு நீதிபதியா, ஒன்பது ஜூரர்களா? – பெஞ்ச் கிளார்க் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "ஜூரி முறை போனதில் எனக்கு வருத்தம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். சாதாரண மக்கள் சிலரைக் கோர்ட்டில் நீதிபதியோடு உட்கார வைத்து, குற்றவாளியா இல்லையா என்று அவர்களையே சொல்ல வைப்பதுதான் ஜூரி. வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் பலருக்கு வருத்தம் இருக்கிறது, சிலருக்கு என் மேல் கோபமும் இருக்கிறது. ஆகவே இந்த முறை ஜாமீன், செக் மோசடி, ஜீவனாம்சம் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இது ஒன்றுதான்.

நானாவதி வழக்கில் ஜூரி தப்பாகத் தீர்ப்பு சொன்னதால்தான் இந்தியாவில் ஜூரி முறையையே ஒழித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஸ்ரீரங்கம்

இல்லை சார். இந்தக் கதையை எங்கள் கோர்ட் வாசல் டீக்கடையிலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். தேதியைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். கடற்படை கமாண்டர் காவஸ் நானாவதி, தன் மனைவியோடு தொடர்பு வைத்திருந்த பிரேம் அஹுஜாவைப் பம்பாயில் சுட்டது 1959 ஏப்ரல் 27. எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன், ஜூரியை எடுத்துவிடலாம் என்று தன் 14-வது அறிக்கையில் எழுதியது 1958. நானாவதி கப்பலுக்குப் போய் ரிவால்வரையும் ஆறு தோட்டாவையும் வாங்குவதற்கு முன்பே ஜூரிக்கு நாள் குறித்தாகிவிட்டது. கடைசி ஜூரி வழக்கும் அது இல்லை. மேற்கு வங்காளத்தில் அதற்கு அப்புறமும் ஜூரி உட்கார்ந்தது. 1973-ல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோதுதான் சட்டப் புத்தகத்திலிருந்தே போனது.

ஆனால் வழக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. அஹுஜா குளித்துவிட்டு இடுப்பில் துண்டோடு நின்றிருந்தார். ரிவால்வரைப் பிடுங்க இருவரும் கட்டிப் புரண்டோம், அதில் வெடித்துவிட்டது என்பது நானாவதி தரப்பு. கட்டிப் புரண்டிருந்தால் துண்டு அவிழ்ந்திருக்க வேண்டாமா என்பது அரசுத் தரப்பு. பிணத்தின் இடுப்பில் துண்டு அப்படியே இருந்தது. சின்னச் சின்ன செஷன்ஸ் வழக்குகளில்கூட இப்படி ஒரு துண்டோ செருப்போதான் கடைசியில் பேசும்.

ஒன்பது ஜூரர்களில் எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி மேத்தா அதை ஏற்காமல், பழைய சட்டத்தின் 307-வது பிரிவில் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். 1960 மார்ச்சில் ஹைகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. அன்றைக்கே கவர்னர் ஸ்ரீபிரகாசா தண்டனையை நிறுத்தி வைத்தார். 1961 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி செய்தது. 1964-ல் அப்போதைய கவர்னர் விஜயலட்சுமி பண்டிட் மன்னிப்பே கொடுத்துவிட்டார். ஜூரி விட்டதைக் கோர்ட் பிடித்தது, கோர்ட் பிடித்ததை ராஜ்பவன் விட்டது. ஜூரியை மட்டும் ஏன் திட்ட வேண்டும்?

307-ஐக் கவனியுங்கள். இங்கிலாந்தில் ஜூரி ஒருவரை விடுதலை செய்துவிட்டால், அது பிடிக்கவில்லை என்பதற்காக நீதிபதி அதை மேலே அனுப்ப முடியாது. வெள்ளைக்காரன் தன் ஊர் ஜூரிக்குக் கொடுத்த மரியாதையை நம் ஊர் ஜூரிக்குக் கொடுக்கவில்லை. பேருக்கு ஜூரி, பிடி நீதிபதியிடம். நாம் எடுத்தது அந்த அரைகுறை ஜூரியைத்தான்.

எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் உள்ளே தள்ளியது ஜூரியா, நீதிபதியா?
– துணிக்கடை உரிமையாளர், மதுரை

ஜூரி. நீதிபதி மாக்கெட் அதற்கு ஒத்துக்கொண்டார்.

'இந்துநேசன்' நடத்திய லட்சுமிகாந்தன் வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டது 1944 நவம்பர் 8. மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பத்திரிகை ஓட்டியவர் என்பதால் சந்தேகம் சினிமாக்காரர்கள் பக்கம் போனது. பாகவதர், கலைவாணர், டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் கைதானார்கள். வழக்கு நேராகச் சென்னை ஹைகோர்ட்டில், ஒன்பது பேர் ஜூரியோடு நடந்தது. நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கலைவாணருக்கும் எதிராக ஆறு பேர், மூன்று பேர் மறுபக்கம்.

இந்த ஆறுக்கு மூன்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அன்றைய சட்டப்படி ஹைகோர்ட் ஜூரியில் குறைந்தது ஆறு பேராவது ஒரே கருத்தில் இருந்து, நீதிபதியும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. ஆறு பேர் சேரவில்லை என்றால் ஜூரியைக் கலைக்க வேண்டியதுதான். ஆக, தமிழ்நாட்டின் சூப்பர் ஸ்டாருக்கு ஆயுள் தண்டனை ஒரே ஒரு தலையில் நின்றது. அந்த ஆறாவது ஆள் யார், எதை நம்பினார், எந்தச் சாட்சி அவரை அசைத்தது? யாருக்கும் தெரியாது. அவர் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

ஹைகோர்ட்டில் அப்பீல் தோற்றது. அன்றைக்கு நமக்கெல்லாம் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், அப்பீலை மறுபடி கேளுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 1947 ஏப்ரலில், எத்திராஜ் வாதாடிய பிறகு, இருவரும் வெளியே வந்தார்கள். ஏறத்தாழ இரண்டரை வருடம் போய்விட்டது. பாகவதரின் மார்க்கெட் அதோடு போனது தனிக்கதை. 1947-ல் ஏன் விட்டார்கள் என்பதைத் தீர்ப்பை எடுத்து இன்றைக்கும் படிக்கலாம். 1945-ல் ஏன் உள்ளே போட்டார்கள் என்பதற்கு நம்மிடம் இருப்பது ஆறு, மூன்று என்ற இரண்டு எண்கள்தான். எனக்கு ஜூரி மேல் நம்பிக்கை வராததற்கு இந்த வழக்கு ஒன்றே போதும்.

ஒரே ஒரு மனிதர் கையில் இன்னொருவரின் வாழ்க்கையைக் கொடுப்பதை விட, பன்னிரண்டு சாதாரண மக்கள் சேர்ந்து முடிவெடுப்பதுதானே ஜனநாயகம்?
– சட்டக் கல்லூரி மாணவி, கோவை

அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று முதலில் கேட்டுப் பழகுங்கள் அம்மா.

இந்தியாவில் முதல் ஜூரி உட்கார்ந்தது நம் சென்னையில், 1665-ல். அசென்ஷியா டாஸ் என்ற சீமாட்டி தன் அடிமைப் பெண்ணைக் கொன்றதாக வழக்கு. ஜூரியில் ஆறு ஆங்கிலேயர், ஆறு போர்ச்சுகீசியர். விடுதலை. செத்த பெண்ணின் ஆட்கள் என்று அந்தப் பன்னிரண்டில் ஒருவரும் இல்லை. 1908-ல் திலகர் மேல் ராஜதுரோக வழக்கு நடந்தபோது பம்பாய் ஹைகோர்ட் ஜூரியில் ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சிகள். தீர்ப்பு ஏழுக்கு இரண்டு. எந்த ஏழு, எந்த இரண்டு என்று நான் சொல்லத் தேவையில்லை. திலகர் மாண்டலே சிறைக்குப் போனார். 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரர் என்றால் 21 முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள். நீங்களும் உங்கள் அம்மாவும் அந்தப் பெட்டியில் கால் வைத்திருக்க முடியாது.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் 1955-ல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனைக் கொன்றவர்களைப் பன்னிரண்டு வெள்ளைக்கார ஆண்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் விடுதலை செய்தார்கள். அடுத்த ஜனவரியில் அந்தக் கொலைகாரர்கள் ஒரு பத்திரிகையில் காசு வாங்கிக்கொண்டு "ஆமாம், நாங்கள்தான் செய்தோம்" என்றார்கள். ஜூரி விட்ட பிறகு மறுபடி விசாரிக்க முடியாது. அவ்வளவுதான்.

இலங்கைக்கு வாருங்கள். அங்கே குற்றம்சாட்டப்பட்டவர் இன்றைக்கும் ஜூரி கேட்கலாம், எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்றும் கேட்கலாம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து வருடம் கழித்து வழக்கு வந்தபோது குற்றம்சாட்டப்பட்டவர்கள் சிங்களம் பேசும் ஜூரியைக் கேட்டார்கள், கிடைத்தது. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு தாண்டி, எல்லோரும் விடுதலை. சாட்சியம் உண்மையிலேயே போதாமல் இருந்திருக்கலாம். இருக்கட்டும். அதை ஏழு பேரில் ஒருவராவது ஒரு பக்கம் எழுதியிருந்தால் ரவிராஜின் குடும்பம் படித்துப் பார்த்திருக்கும்.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். சாதிக் கொலை வழக்கில், நேரில் பார்த்த சாட்சியே கூண்டில் ஏறி "எனக்கு எதுவும் தெரியாதுங்க, போலீஸ் கையெழுத்து வாங்கினாங்க" என்கிறான். ஏன்? சாயங்காலம் அவன் அதே தெருவுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். ஜூரர் மட்டும் வேறு ஊரிலா குடியிருப்பார்? பேர் குலுக்கி எடுத்த அன்றைக்கே "எந்தத் தெரு?" என்ற விசாரிப்பு ஆரம்பித்துவிடும்.

ஜூரிக்குப் பெருமை சேர்த்த நாளும் உண்டு, அதை மறைப்பது நியாயம் இல்லை. 1670-ல் லண்டனில் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக வில்லியம் பென் மேல் வழக்கு. தண்டிக்கச் சொல்லி நீதிபதி நெருக்கினார், ஜூரர்களைச் சோறு தண்ணீர் இல்லாமல் பூட்டியே வைத்தார்கள். அவர்கள் அசையவில்லை. எட்வர்ட் புஷெல் என்ற ஜூரர் ஜெயிலுக்கும் போய், ஜூரரை அவர் சொன்ன தீர்ப்புக்காகத் தண்டிக்க முடியாது என்ற உரிமையை வாங்கிக் கொடுத்தார். அரசாங்கத்துக்கு எதிரே ஒருவன் தனியாக நிற்கும் வழக்கில் ஜூரி நல்ல கேடயம். ஊரே சேர்ந்து ஒருவனை அடித்துப் போட்ட வழக்கில் அதே ஊரிலிருந்து ஜூரி எடுத்தால் கேடயம் யாருக்கு என்பதுதான் என் கேள்வி.

வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தியவர்களை விட்டது ஜூரி இல்லையே ஐயா. ஹைகோர்ட் நீதிபதிகள்தானே?
– விவசாயத் தொழிலாளர் சங்க ஊழியர், நாகப்பட்டினம்

இந்தக் கடிதம் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆமாம், நீதிபதிகள்தான். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் குடிசைக்குள் புகுந்த 44 பேர் எரிந்தார்கள். கூலி கேட்ட தலித் குடும்பங்கள். நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் 1970-ல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்து வருடம் கொடுத்தது. ஹைகோர்ட் விட்டுவிட்டது. நிலபுலம் உள்ள பணக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், வேலையாட்களை விட்டுவிட்டுத் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதினார்கள்.

நீதிபதிக்குச் சாதி கிடையாது, வர்க்கம் கிடையாது என்று நான் சொன்னதே இல்லை. கருப்புக் கோட்டுக்குள் இருப்பது நம் ஊர் மனிதர்தான். ஆனால் அந்தக் கார் வாசகம் உங்களுக்கும் எனக்கும் எப்படித் தெரியும்? எழுதியிருக்கிறார்கள், கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் மேடையில் அதை எடுத்து வைத்துக் கேள்வி கேட்க முடிகிறது. ஜூரி விட்டிருந்தால் "குற்றவாளி இல்லை" என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் ஆவணம். செத்தவர்களுக்கு இது ஒரு ஆறுதலா என்று கேட்டால், இல்லை. சண்டை போடுகிறவர்களுக்குக் கையில் பிடிக்க ஒன்று கிடைக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

ஜூரியால் ஒரு நன்மைகூட இல்லையா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.
– வங்கி ஊழியர், ஈரோடு

ஒன்று இருக்கிறது, பெரிய நன்மை. ஜூரி உட்கார்ந்தால் வாய்தா கிடையாது.

பன்னிரண்டு பேரை வேலை வெட்டியை விட்டு வரச்சொல்லி உட்கார வைத்துவிட்டு, "சீனியர் மெட்ராஸ் போயிருக்கிறார், அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்ல முடியாது. ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். சாட்சியைப் பார்த்தவர்கள் யாரோ, அவர்களே தீர்ப்புச் சொல்ல வேண்டும். எங்களிடம் இல்லாமல் போனது இதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த தெற்கத்தி செஷன்ஸ் கோர்ட் பழைய கட்டடம். நீதிபதி மேடைக்கு இடதுபுறம் கம்பி அடைத்த மரப்பெட்டி ஒன்று, இரண்டு வரிசை பெஞ்சோடு. ஜூரி பெட்டி. நான் போனபோது அதில் உட்கார்ந்திருந்தவை வழக்குக் கட்டுகள். முடியாத கேஸ் எல்லாம் அங்கேதான் அடுக்குவோம். இடம் போதாமல் தரைக்கும் இறங்கும்.

விசாரணை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி, சித்திரையில், அ.சா.2 ஆவணியில், டாக்டர் அடுத்த பொங்கல் கழித்து, இன்ஸ்பெக்டர் மாறிப் போய்விட்டதால் அவருக்குப் பிடிவாரண்ட் போட்டு எப்போதோ. தொடங்கினால் நாள்தோறும் நடத்து என்றுதான் சட்டம் சொல்கிறது. இதற்குள் நீதிபதிக்கு மாறுதல் வந்துவிடும். முன்பெல்லாம் செஷன்ஸ் நீதிபதி மாறினால் புதியவர் சாட்சிகளை மறுபடி கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 326-வது பிரிவைத் திருத்தி, முன்னவர் பதிவு செய்ததை வைத்தே பின்னவர் தீர்ப்பு எழுதலாம் என்று செஷன்ஸ் கோர்ட்டுக்கும் ஆக்கிவிட்டார்கள். சாட்சிகளை மறுபடி அலைய விட வேண்டாம் என்பது நல்ல எண்ணம்தான். விளைவைக் கேளுங்கள்.

ஒரு கொலை வழக்கு. பையனின் அம்மா சாட்சி. நான் சான்றுப் பொருள் கட்டைப் பிரித்து, சீல் வைத்த கவரிலிருந்து சட்டையை எடுத்துக் காட்டினேன். ரத்தம் காய்ந்து காலர் விறைத்திருந்தது. அந்த அம்மா சட்டையைப் பார்க்கவில்லை. மூன்றாவது பட்டனைத் தடவிக்கொண்டே இருந்தார். மற்ற பட்டன் எல்லாம் வெள்ளை, அது மட்டும் நீலம். அவரே தைத்திருக்க வேண்டும். கோர்ட்டில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் எதிரிக் கூண்டைப் பார்த்து ஒரு பெயரைச் சொன்னார், கத்தாமல் சொன்னார். டைப்பிஸ்ட் அடித்தது ஒரு வரி: "இப்போது எனக்குக் காட்டப்படும் சா.பொ.3 என் மகன் அணிந்திருந்த சட்டை." சாட்சியின் நடத்தை பற்றி நீதிபதி குறிப்பு எழுதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுதுபவர்கள் அபூர்வம், அன்றும் எழுதவில்லை. தீர்ப்பு எழுதியவர் அவருக்கு அப்புறம் வந்தவர். அந்த ஒரு வரியைத்தான் படித்தார். பட்டன் அவருக்குத் தெரியாது.

ஆகவே என் கட்சி இது. நீதிபதியே தீர்ப்பு சொல்லட்டும், காரணத்தை எழுதட்டும். ஆனால் சாட்சியைக் கண்ணால் பார்த்த நீதிபதி எழுதட்டும். ஜூரியைத் திரும்பக் கூப்பிட வேண்டாம், ஜூரிக்காக நடத்திய மாதிரி தொடர்ச்சியாக விசாரணை நடத்துங்கள். கொலை வழக்கில் சாட்சி விசாரணை முடியும் வரை அந்த நீதிபதியை மாற்றாதீர்கள். இதற்குச் சட்டத்தைத் திருத்தக்கூட வேண்டாம், மாறுதல் பட்டியல் போடுகிறவர்கள் மனது வைத்தால் போதும்.

டொரண்டோவில் இருக்கிறேன். ஜூரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. என் ஆங்கிலமும் சுமார், சட்டமும் தெரியாது. ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமா?
– கணக்காளர், கனடா

சட்டம் தெரியாதவர்தான் அவர்களுக்கு வேண்டும் தம்பி, சட்டத்தை நீதிபதி சொல்லிக் கொடுப்பார். ஆங்கிலம் உண்மையிலேயே புரியாது என்றால் அதை நேராகச் சொல்லிவிடுங்கள். புரியும் என்றால் போங்கள். அங்கே குற்ற வழக்கில் பன்னிரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும், அதனால் உங்கள் ஒரு தலைக்கு மதிப்பு அதிகம். உள்ளே பேசியதை வெளியே சொல்வது அங்கே குற்றம். எனக்கு எழுதிப் போட்டுவிடாதீர்கள். (நானாவதியும் மன்னிப்புக்குப் பிறகு கனடாவில்தான் குடியேறினார்.)

இந்தியாவில் ஜூரி இப்போது எங்குமே இல்லையா?
– போட்டித் தேர்வு எழுதுபவர், தருமபுரி

குற்ற வழக்கில் இல்லை. பார்சிகளின் விவாகரத்து வழக்கில் மட்டும் ஒரு சாயல் மிச்சம் இருக்கிறது. 1936 சட்டப்படி, நீதிபதியோடு அந்தச் சமூகத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் உட்கார்ந்து, நடந்தது என்ன என்பதைப் பெரும்பான்மையால் முடிவு செய்வார்கள். முன்பு ஏழு பேர், 1988 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து பேர்.

நாங்கள் ஜூரியாகத்தான் உட்கார முடியாது. கோர்ட்டுக்கு வந்து வேடிக்கையாவது பார்க்கலாமா? உள்ளே விடுவார்களா?
– இல்லத்தரசி, விருதுநகர்

தாராளமாக வரலாம் அம்மா. விசாரணை திறந்த கோர்ட்டில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம், யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டாம். பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளுக்கு மட்டும் விடமாட்டார்கள், அது சரிதான். பத்தரைக்கு முன்னால் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். போனை அணைத்துவிடுங்கள். நீதிபதி வரும்போது எழுந்து நில்லுங்கள். முதலில் டவாலி வரிசையாகப் பெயர் கூப்பிடுவார், வாய்தா வாய்தா என்று போகும், அலுத்து எழுந்துவிடாதீர்கள். சாட்சி விசாரணை அதற்கு அப்புறம்தான் வரும். வெளியே வராந்தாவில் சாட்சிகளிடம் மட்டும் பேச்சுக் கொடுக்காதீர்கள். என்னென்ன வழக்கு என்ற பட்டியலைக் கோர்ட் வாசல் பலகையில் காலையிலேயே ஒட்டிவிடுவார்கள், அதில் சாட்சி விசாரணை என்று போட்டிருக்கும் கோர்ட்டைப் பார்த்துப் போங்கள்.